கார்டு ஸ்டாலுக்கு அனுமதி தருமுன்: கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கலை, அறிவியல், பொறியியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கு,

வணக்கம்.

கல்ச்சுரல்ஸுக்கும் ஆண்டு விழாவுக்கும் ஸ்பான்சர் தேடி மாணவர் குழு உங்கள் அறைக்கு வரும்போது, பட்டியலில் வளாகத்தில் ஸ்டால் போட்டு கிரெடிட் கார்டு விற்கும் நிறுவனம் ஒன்று இருந்தால் அதில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த மடலில் நான் கேட்பது முதன்மையாக அதைத்தான். பதிலுக்கு என்ன செய்யலாம் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

வங்கிக் கிளைகளில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கார்டே ஆகாது என்று சொல்கிற ஆள் இல்லை. சம்பளம் வாங்குகிறவர், மாதா மாதம் முழுத் தொகையையும் கெடு தேதிக்குள் கட்டுகிறவர் என்றால் அது நல்ல வசதி. நாற்பது ஐம்பது நாள் வட்டியில்லாமல் அடுத்தவர் பணத்தில் செலவு செய்யலாம், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவர் என்ற பெயரும் சேரும். வருமானமே இல்லாத பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம், குடை நிழலில், ஒரு முதுகுப்பையைக் கொடுத்து அதை விற்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அந்த ஸ்டாலில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். டேப்லெட்டோடு நிற்கிற பையன் பான் எண் கேட்பான், ஆதார் கேட்பான், செல்லுக்கு வந்த ஓடிபியைச் சொல்லச் சொல்வான். பிறகு ‘தொழில்’ என்ற கட்டம் வரும். மாணவர் என்று உண்மையைப் போட்டால் பல படிவங்கள் மேலே நகராது, அல்லது டெபாசிட் கேட்கும். அதனால் ‘சுயதொழில்’ என்று அவனே தொட்டுவிடுவான். மாத வருமானம் 25,000 என்றும் அவனே போட்டுவிடுவான். “ட்யூஷன் எடுக்குறல்ல, அப்படிப் போட்டுக்கலாம்” என்பான். முகவரிக்கு ஹாஸ்டல். பிள்ளை சிரித்துக்கொண்டே சம்மதக் கட்டத்தைத் தொட்டுவிடும். நாளைக்குத் தகராறு என்று வந்தால் பொய் வருமானம் காட்டியவர் விண்ணப்பதாரர் என்றுதான் பதிவேடு சொல்லும். ஸ்டால் பையன் அதற்குள் வேறு கம்பெனியில் வேறு எதையாவது விற்றுக்கொண்டிருப்பான். அவன்மேலும் எனக்குக் கோபமில்லை. போன வருடம் வரை அவனும் இப்படி ஒரு கல்லூரியில் படித்தவனாக இருப்பான். டார்கெட் முடியாமல் வீட்டுக்குப் போக முடியாத பிழைப்பு அது.

இதற்கு விதியே இல்லையா என்றால், இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள், விண்ணப்பிப்பவருக்குச் சொந்தமாகப் பணம் வரும் வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் கார்டு தர வேண்டும் என்கின்றன. அதற்கு முந்தைய சுற்றறிக்கைகளில் ‘மாணவர்கள்’ என்று பெயர் சொல்லியே எச்சரித்திருந்தார்கள். விதி காகிதத்தில் இருக்கிறது. வருமானக் கட்டத்தை நிரப்புவது டார்கெட் உள்ள கை.

அமெரிக்காக்காரர்கள் இந்தக் கூத்தை நமக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். டி-ஷர்ட்டும் பீட்சாவும் கொடுத்து வளாகத்தில் கார்டு விற்றதன் பலனை அனுபவித்த பிறகு, 2009-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 21 வயதுக்குக் கீழே என்றால் சொந்த வருமானம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். வளாகத்திலும் அதன் அருகிலும் கல்லூரி நிகழ்ச்சிகளிலும் பரிசுப் பொருள் கொடுத்து விண்ணப்பம் வாங்கக் கூடாது. கார்டு கம்பெனியோடு கல்லூரி ஒப்பந்தம் போட்டிருந்தால் அதை ஊரறிய வெளியிட வேண்டும். இந்த மூன்றாவது விதி முதல்வர்களாகிய உங்களுக்கானது. ஸ்டாலுக்கு எவ்வளவு வாங்கினீர்கள் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்றால் நம் ஊரில் எத்தனை ஸ்டால் மிஞ்சும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஸ்டாலில் யாரும் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. உங்கள் வணிகவியல் துறை ஆசிரியர்களை விட்டே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாணவர் ஜூன் 20 அன்று 20,000 ரூபாய்க்குக் கார்டில் செல்போன் வாங்குகிறார். ஜூலை 15-ல் பில் வருகிறது. ஆகஸ்ட் 4 கடைசித் தேதி. பில்லில் இரண்டு தொகைகள் இருக்கும். மொத்தம் 20,000. குறைந்தபட்சம் 1,000. பையில் ஆயிரம்தான் இருக்கிறது, அதைக் கட்டுகிறார். ‘கட்டிவிட்டேன், அபராதம் கிடையாது’ என்று நிம்மதியாகத் தூங்குகிறார். அபராதம் கிடையாது, உண்மைதான். ஆனால் முழுத் தொகையைக் கட்டாததால் வட்டியில்லா நாட்கள் என்ற சலுகை போய்விடும். மீதி 19,000-க்கு வட்டி ஆகஸ்ட் 4-லிருந்து ஓடாது. போன் வாங்கிய ஜூன் 20-லிருந்தே ஓடும். மாதம் 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆகஸ்ட் 15 பில் வரைக்கும் 56 நாளுக்குச் சுமார் 1,224 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 220 ரூபாய். ஆக, ஆயிரம் ரூபாய் கட்டிய பிறகு அவர் தர வேண்டியது 20,444. போன் வாங்கிய அன்று இருந்த கடனைவிட 444 ரூபாய் கூடுதல். இடையில் ஒரு டீ கூடக் கார்டில் குடிக்கவில்லை.

42 சதவீதம் என்றால் பிள்ளைகளுக்கு உறைக்காது. அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ‘மூன்றரை வட்டி’ என்று சொல்லிப் பாருங்கள். ‘மூன்றரை வட்டிக்கா வாங்கினே?’ என்று அலறிவிடுவார்கள். வங்கியில் நகையை வைத்தால் ஒரு வட்டிக்குள் முடிகிற கடன் அது. பல கார்டுகளில் இது 3.75 வரைக்கும் போகிறது. வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. எனவே முப்பதில் நிற்கும் என்ற நம்பிக்கையும் இப்போது கிடையாது.

கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பது இதைவிட மோசம். அதற்கு வட்டியில்லா நாள் என்று ஒன்றுமே இல்லை. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, அது போகத் தனிக் கட்டணம். செமஸ்டர் ஃபீஸ் கட்ட நேரமாகிவிட்டது என்று இதைச் செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் அலுவலகம் பத்து நாள் அவகாசம் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள், இது உண்மை.

இத்தனைக்கும் பிறகு, ‘சிபில்’ என்ற ஒரு சொல்லுக்காகவே, அதாவது கடனை எப்படிக் கட்டுகிறோம் என்பதற்குப் போடப்படும் மதிப்பெண்ணுக்காகவே, பலர் விண்ணப்பிக்கிறார்கள். ‘இப்பவே கார்டு எடுத்தாதான் ஸ்கோர் ஏறும், நாளைக்கு வீட்டுக் கடன் ஈஸி’ என்று ஸ்டாலில் சொல்வார்கள். பாதி உண்மை. 300-லிருந்து 900 வரைக்கும் போகிற அந்த மதிப்பெண் ஒழுங்காகக் கட்டினால்தான் ஏறும். ஒரே மாதத்தில் நாலு கம்பெனிக்கு விண்ணப்பித்தால், ஒவ்வொரு விண்ணப்பமும் விசாரணையாகப் பதிவாகி, கார்டு கைக்கு வருமுன்பே அது இறங்கும். கெடு தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் கட்டாமல் விட்டால் தாமதம் என்று ஏறிவிடும்.

உங்கள் பிளேஸ்மெண்ட் அதிகாரி இந்தப் பத்தியைக் கட்டாயம் படிக்க வேண்டும். நம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வங்கித் தேர்வு எழுதுகிறார்கள். அந்தத் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் அமைப்பின் அறிவிப்புகளில், வேலையில் சேரும்போது கடன் வரலாறு நன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பாரத ஸ்டேட் வங்கியில் தேர்வாகிப் பணி நியமனம் பெற்ற ஒருவருக்கு, கடன் வரலாறு சரியில்லை என்று நியமனம் ரத்தானது. வாங்கிய கடனையெல்லாம் அடைத்துவிட்டேன் என்று அவர் வாதாடினார். வங்கி செய்தது சரிதான் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலாமாண்டில் முதுகுப்பைக்காக வாங்கிய கார்டின் வருடக் கட்டணம், ஹாஸ்டல் முகவரிக்கே பில் போய், யாரும் பார்க்காமல், தாமதக் கட்டணமும் சேர்ந்து வளர்ந்தால் இந்த நிலைமைக்குக் கொண்டுவந்து நிறுத்த அது போதும்.

அப்படியானால் மாணவர் என்ன செய்யலாம்? வேலை கிடைத்த இறுதியாண்டு மாணவர், ஆஃபர் லெட்டரை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். இரண்டு மூன்று மாதச் சம்பளம் கணக்கில் ஏறட்டும். ஐடி கம்பெனிகள் சேரும் தேதியைத் தள்ளிப்போட்டதை நாம் பார்த்திருக்கிறோம். படிக்கும்போதே கார்டு வேண்டும், பழகிப் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு வைப்புத்தொகையை ஈடாக வைத்துத் தருகிற கார்டு இருக்கிறது. ஸ்காலர்ஷிப்பிலோ பகுதிநேர வேலையிலோ சேர்ந்த பத்து, பதினைந்தாயிரத்தை எஃப்டி போட்டால் அதற்கு ஒட்டியோ கொஞ்சம் குறைவாகவோ லிமிட் தருவார்கள். வருமானக் கட்டத்தில் பொய் சொல்லவும் வேண்டாம். செல் ரீசார்ஜ், ரயில் டிக்கெட் இரண்டுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, வங்கிக் கணக்கிலிருந்து மொத்த பில்லும் தானாகக் கட்டும்படி ஆட்டோ டெபிட் போட்டுவிட வேண்டும். இதைப் போடும்போது ‘மொத்தத் தொகை’யா ‘குறைந்தபட்சத் தொகை’யா என்று கேட்பார்கள். இரண்டாவதைத் தொட்டால் மேலே போட்ட கணக்குத்தான்.

அப்பா அம்மா கார்டில் ஆட்-ஆன், அதாவது அவர்கள் கணக்கிலேயே கூடுதல் கார்டு, எடுப்பதும் ஒரு வழிதான். ஆனால் பில் முழுவதும் அவர்கள் பெயரில். மகன் இழுத்தது அப்பா தலையில்தான் விடியும். ‘வாழ்நாள் இலவசம்’, ‘முதல் வருடம் இலவசம்’ இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவையுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்ட பிள்ளைகளும் உங்கள் வகுப்பறைகளில் இருப்பார்கள். அவர்களுக்கும் சில பாதுகாப்புகள் உண்டு. கேட்காமலே வந்த கார்டுக்குப் பணம் பிடித்தால் அதைத் திருப்பித் தருவதோடு அதைப்போல் இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும். பாக்கி ஏதும் இல்லாத கார்டை மூடச் சொல்லி எழுதினால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்கு. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. கம்பெனியிடம் புகார் கொடுத்து முப்பது நாள் ஆகியும் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. விவரம் கேட்க எண் 14448. சிபில் அறிக்கையையும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம். தன் பெயரில் தனக்கே தெரியாத கடன் ஏதாவது ஓடுகிறதா என்று அதில்தான் தெரியும்.

நான் கேட்பவை பெரிய காரியங்கள் இல்லை. வளாகத்தில் ஸ்டால் வேண்டாம். ஸ்பான்சர் பணத்தை விட முடியாது என்ற நிலை இருந்தால், பேனர் கட்டிக்கொள்ளட்டும், விண்ணப்பம் வாங்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வாங்கும் தொகையை நோட்டீஸ் போர்டில் போடுங்கள்; சட்டம் கேட்காவிட்டால் என்ன, நீங்களாகவே போடலாம். முதலாமாண்டு அறிமுக வகுப்புகளில் ராகிங் தடுப்புக்கும் நூலக விதிகளுக்கும் நேரம் ஒதுக்குகிறீர்கள். அதில் ஒரு மணி நேரத்தை இதற்குத் தாருங்கள். கார்டு கம்பெனியின் ஆளை வைத்து ‘நிதி விழிப்புணர்வு’ நடத்த வேண்டாம். கடைசிப் பத்து நிமிடத்தில் விண்ணப்பப் படிவம் வெளியே வந்துவிடும். உங்கள் வணிகவியல் ஆசிரியரே போதும். பெயரும் எண்ணும் அழித்த உண்மையான பில் நகல் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, கடைசித் தேதி எது, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் அடுத்த பில் என்ன வரும் என்று பிள்ளைகளையே போட்டுப் பார்க்கச் சொல்லட்டும்.

திருச்சியைச் சுற்றியுள்ள கல்லூரிகள் கூப்பிட்டால் நானே வருகிறேன். பில் நகல்களையும் கொண்டுவருகிறேன். நினைவுப் பரிசு, பொன்னாடை எதுவும் வேண்டாம். சனிக்கிழமைகள் எனக்கு வசதி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி