கடவுள் உண்டா எனப் பட்டிமன்றம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுவினருக்கும் தொலைக்காட்சி நண்பர்களுக்கும் நடுவர் பெருமக்களுக்கும்,

வணக்கம். 'கடவுள் இருப்பதற்குச் சான்று உண்டா?' என்ற தலைப்பை நீங்கள் மேடையேற்றுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மேடையில் நடப்பது என்ன? ஒருவர், வேண்டிக்கொண்டதும் பிள்ளைக்குக் காய்ச்சல் நின்ற கதையைச் சொல்வார். அடுத்தவர் எழுந்து, 2004 சுனாமியில் போன பிள்ளைகளை ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்பார். இரண்டு பேருக்கும் கைதட்டல். கடைசியில் நடுவர், 'நல்ல மனசுதான் கடவுள்' என்று முடித்துவைப்பார். கேட்ட கேள்வி அப்படியே கிடக்கும்.

இதைவிட ஒழுங்காக வாதாடியவர்கள் தமிழில் இருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் 'சிவஞான சித்தியார்' என்ற சைவ சித்தாந்த நூலை எழுதிய அருணந்தி சிவாசாரியார், கடவுளே இல்லை என்ற உலகாயதர் தொடங்கி 14 தரப்பாரின் வாதங்களை முதலில் அவர்கள் பக்கமிருந்து சொல்கிறார். அப்புறம்தான் மறுக்கிறார். தம் கொள்கைக்கு வரும்போதும், எதையெல்லாம் சான்றாக ஏற்பது என்பதைத்தான் முதலில் பேசுகிறார்: காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்). நம் மேடைகளில் இந்த முதல் படியே இல்லை.

குடம் இருந்தால் குயவன் இருப்பான், உலகம் இருந்தால் படைத்தவன் இருப்பான் என்ற வாதத்தையே பாருங்கள். இன்று அதைக் கைக்கடிகாரம் வைத்துச் சொல்கிறார்கள். பௌத்தரான தருமகீர்த்தி 7ஆம் நூற்றாண்டிலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். மண்ணால் ஆகி ஓர் உருவத்தோடு இருப்பதாலேயே ஒன்று குயவன் செய்தது என்றால், கறையான் புற்றையும் அவன்தான் செய்திருக்க வேண்டும்! குயவன் வனைவதைப் பார்த்திருப்பதால்தான் புதுக் குடத்தைக் கண்டாலும் அவனை ஊகிக்கிறோம். உலகம் ஒன்று செய்யப்படுவதை யாரும் பார்த்ததில்லை. என் கணிப்பில் இது கனமான மறுப்பு. ஈசுவரன் உண்டு என்று தருக்கத்தால் வாதாடிய நியாய மரபினர் சும்மா இருந்துவிடவில்லை. அவர்களில் ஒருவரான உதயனர், நியாயகுசுமாஞ்சலி என்ற நூலையே ஈசுவரனை நிறுவுவதற்காக எழுதினார். இத்தனை நூற்றாண்டு ஓடிய வாதத்துக்கு நீங்கள் ஆளுக்கு எட்டு நிமிடம் தருகிறீர்கள்.

காய்ச்சல் கதைக்கு வருகிறேன். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1802 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. பிறர் செய்த பிரார்த்தனையால் சிக்கல்கள் குறையவில்லை. தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்குச் சிக்கல் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. சரி, இதனால் கடவுள் இல்லை என்று ஆகிவிடாது. வேண்டினால் நோய் தீரும் என்ற கூற்றைத்தான் இது தொடுகிறது. அந்தக் கூற்றைச் சான்றாக வைப்பவர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பக்தர்களுக்கு வலுவான இடம் வேறு. பாலில் நெய் போல மறைந்து நிற்கிறான், கடைந்தால் முன்னே வருவான் என்கிறார் அப்பர். அவர் காட்டுவது உலகத்தை அல்ல, தம் அனுபவத்தை. அதைக் கேலி செய்வது அநியாயம். ஆனால் அப்பருக்குக் காண்டலாக இருப்பது எனக்கு வந்து சேரும்போது உரையாகிவிடுகிறது. வெவ்வேறு சமயத்தார் ஒன்றுக்கொன்று ஒவ்வாததை அனுபவமாகச் சொன்னால் எதை நம்புவது? எந்த மேடையிலும் இதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சுனாமிக் கேள்வியும் அப்படித்தான். எல்லாம் வல்ல, கருணையே வடிவான கடவுளை நோக்கினால் அது பெரிய கேள்வி. வினைப்பயனைத் தருபவன் மட்டுமே என்றால் அதன் வடிவம் மாறிவிடும். சமணரும், வேதச் சடங்குகளை முதன்மையாகக் கொண்ட மீமாம்சகரும் படைப்புக் கடவுளையே ஏற்கவில்லை; அவர்களை எந்த அணியில் உட்கார வைப்பீர்கள்?

ஆகவே அடுத்த முறை, எந்தக் கடவுளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள். ஒவ்வொருவரும் முதலில் எதிரணியின் மிக வலுவான வாதத்தை, எதிரணியே 'ஆமாம், இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்லட்டும். எந்தச் சான்று கிடைத்தால் தம் கருத்தை மாற்றிக்கொள்வார் என்பதையும் சொல்லட்டும். நடுவர் தீர்ப்பைச் சமாதானமாக முடிக்காமல், எந்த வாதத்துக்குப் பதில் வரவில்லை என்று பெயர் சொல்லிக் காட்டட்டும். நேரம் போதாவிட்டால் பேச்சாளர்களைக் குறையுங்கள். அணிக்கு ஒருவர் போதும்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் பார்வையாளர்