டைப் செக்கிங் மெதுவா? முதலில் கேஷைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பைத்தான் புராஜெக்ட் வளர வளர, நிரலை ஓட்டாமலேயே அதில் மதிப்புகளின் வகைகள் (டைப்) பொருந்துகின்றனவா என்று பார்க்கும் மைபை (mypy) கருவியின் சோதனை நிமிடக்கணக்கில் ஓடுகிறது என்று அலுத்துப்போய், அதையே நிறுத்திவிடும் குழுக்கள் உண்டு. இது வருத்தத்துக்குரியது. முதல் தடவை நேரமாவது இயல்பு. எதையும் மாற்றாமல் உடனே மறுபடி ஓட்டும்போதும் அதே நேரம் பிடித்தால், கேஷில், அதாவது மறுபடி பயன்படுத்தச் சேமித்துவைக்கும் இடத்தில், உள்ள பழைய முடிவுகள் எங்கோ வீணாகின்றன என்று பொருள். தங்கள் கணினிப் பக்கத்தின் வாசகர்களுக்கு உதவும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மைபையின் வெர்ஷனைக் கேட்டுப் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் 'கம்பைல்டு: யெஸ்' என்று வர வேண்டும். 'நோ' என்றால் சோர்ஸிலிருந்து நிறுவப்பட்ட, சுமார் 4 மடங்கு மெதுவான பதிப்பு ஓடுகிறது. பைத்தானின் நிறுவும் கருவியான பிப் வழியாக, முன்பே கம்பைல் செய்யப்பட்ட வீல் பதிப்பைப் போட்டாலே இது தீரும்.

சோதித்த ஒவ்வொரு மாட்யூலின் முடிவையும் மைபை தன் கேஷ் ஃபோல்டரில் எழுதிவைக்கிறது. மற்ற ஃபைல்களின் கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு, அதாவது ஃபங்ஷன் பெயர், வாங்கும் வகை, திருப்பித் தரும் வகை ஆகியவற்றுக்கு, தனியாக ஒரு ஹாஷும் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் சுருக்க அடையாளம்) போட்டுவைக்கிறது. வரி கணக்கிட்டு ஃப்ளோட் (தசம எண்) தரும் ஒரு ஃபங்ஷனை 40 ஃபைல்கள் இம்போர்ட் செய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் கணக்கை மாற்றினால் அந்த ஒரு ஃபைலோடு வேலை முடிந்தது. 'ஃப்ளோட் அல்லது நன் (மதிப்பு எதுவும் இல்லை)' என்று திருப்பித் தரும் வகையை மாற்றினால்தான் அந்த 40 ஃபைல்களும் மறுசோதனைக்கு வரும்.

இவ்வளவு நுணுக்கமான ஏற்பாட்டைப் பெரும்பாலும் கெடுப்பது ஆப்ஷன் குளறுபடிதான். எந்த ஆப்ஷன்களோடு சோதித்தோம் என்பதும் கேஷில் பதிவாகிறது. எடிட்டர் ஸ்ட்ரிக்ட் (கடுமையான) முறையில் ஓட்டுகிறது, கமிட் செய்யும் முன் தானாக ஓடும் ஹூக் வேறு ஆப்ஷன்களோடு ஓட்டுகிறது என்றால், ஒன்று எழுதியதை மற்றது செல்லாது என்று தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்கும். ஆப்ஷன்களை எல்லாம் ஒரே கான்ஃபிக் ஃபைலில் வையுங்கள். முடியாவிட்டால் இரண்டுக்கும் தனித்தனி கேஷ் ஃபோல்டர் கொடுங்கள்.

அன்றாட வேலைக்கு டிமைபைதான் (dmypy) என் பரிந்துரை. இது பின்னணியில் ஓடும் சர்வர். புராஜெக்ட் முழுவதையும் மெமரியில் வைத்துக்கொண்டு, மாறிய ஃபங்ஷனைச் சார்ந்த பகுதிகளை மட்டும் பார்க்கும். 'டிமைபை ரன்' என்று அடித்து, இரட்டைக் கோடு (--) போட்டு, அதற்குப் பிறகு மைபை ஆப்ஷன்களைக் கொடுக்க வேண்டும். எப்போதும் புராஜெக்ட்டின் மேல்மட்ட ஃபோல்டரிலிருந்தே ஓட்டுங்கள். சர்வரின் நிலைக்குறிப்பு நீங்கள் நிற்கும் ஃபோல்டரில்தான் எழுதப்படும். உள் ஃபோல்டரில் நின்று ஓட்டினால் இன்னொரு சர்வர் எழுந்து மெமரியைத் தின்னும். 8 ஜிபி லேப்டாப்பில் அது பெரும் சுமை. டைம்அவுட் ஆப்ஷனில் 3600 என்று கொடுத்தால், ஒரு மணி நேரம் வேலையில்லாதபோது தானே அணைந்துவிடும்.

மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் சிஐ சர்வரில் ஒவ்வொரு முறையும் புது மெஷின் என்பதால் அங்கே டிமைபையால் பயனில்லை. கேஷ் ஃபோல்டரைச் சேமித்து மீட்க வேண்டும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒரு கீயில், அதாவது கேஷுக்கு வைக்கும் பெயரில், ஒரு தடவை சேமித்ததை மாற்றி எழுத முடியாது. மாறாத கீ வைத்தால் பல மாதத்துப் பழைய கேஷே திரும்பத் திரும்ப வரும். கீயின் முடிவில் கமிட் எண்ணைச் சேர்த்து, மீட்கும்போது முன்பகுதி மட்டும் பொருந்தினால் போதும் என்று அமைக்க வேண்டும். புதிதாக இறக்கிய ஃபைல்களின் தேதி மாறிவிடுமே என்ற கவலை வேண்டாம். தேதி மாறியிருந்தால் மைபை உள்ளடக்கத்தின் ஹாஷை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் வேகம் வரவில்லையென்றால் இம்போர்ட் சுழற்சியைத் தேடுங்கள். ஒன்றையொன்று இம்போர்ட் செய்யும் மாட்யூல்களை மைபை ஒரே கட்டாகத்தான் சோதிக்கும். மைபை சோதிக்கும்போது மட்டும் உண்மையாகும் 'டைப் செக்கிங்' நிபந்தனைக்குள் இம்போர்ட்டை ஒளித்தால் நிரல் ஓடும்போதுதான் சுழற்சி இருக்காது. மைபைக்கு அது அப்படியேதான் தெரியும். இரு பக்கமும் பயன்படுத்தும் கிளாஸ்களை, அந்த இரண்டையும் இம்போர்ட் செய்யாத ஒரு தனி ஃபைலுக்கு நகர்த்துங்கள், முடிச்சு அவிழும்.

இப்படிக்கு,
பைத்தான் நிரலாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்