படத்தில் இல்லாதவர்களுக்கு முதல் வணக்கம்

அன்புள்ள எல்லோருக்கும்,

ஐப்பசியில் நம் ஊரில் மரக்கன்று வைத்த அன்று எடுத்த படங்களை இன்னமும் யாராவது அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பச்சை பனியன் போட்ட கல்லூரிப் பிள்ளைகள், கையில் மம்பட்டி, பின்னால் குளத்துக்கரை. நல்ல படங்கள்தான். ஆனால் ஊர்க்கூட்டத்தில் நன்றி மடல் எழுதும் வேலையை என் தலையில் கட்டியபோது, அந்தப் படங்கள் எதிலும் இல்லாதவர்களின் முகம்தான் முதலில் ஞாபகம் வந்தது. அதனால் வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பிள்ளைகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு உரியது பின்னால் வருகிறது.

முதல் நன்றி ஆட்டுக்கார அண்ணாச்சிக்கு. நாங்குநேரிப் பக்கத்துச் செவக்காட்டில் ஒரு கன்று பிழைப்பதும் பிழைக்காததும் மழையின் கையில் பாதி, ஆட்டின் வாயில் பாதி. எந்த மரம் வைக்கலாம் என்று நாங்கள் நூலகத்தில் உட்கார்ந்து பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "பூவரச ரோட்டோரம் வைக்காத தாயி, ஒரு ராத்திரி தாங்காது. வேம்பு வைக்கதுன்னா முள்ளு கட்டி வையி. புங்கைய வையி, ஆடு மோந்து பாத்துட்டுப் போயிரும்." பட்டியலில் பாதி அங்கேயே மாறியது. தெருவோரம் புங்கை வந்தது. வேம்புக்கெல்லாம் சுற்றி உடைமுள் வந்தது. பூவரசு பள்ளிக்கூடத்துச் சுவருக்கு உள்ளே போனது. சொன்னதோடு அவர் நிற்கவில்லை. கன்று வைத்த பிறகு மேய்ச்சலை மேற்கே ஓடைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு அது தினமும் கூடுதல் நடை. குழிக்குப் போட எருவும் அவர் கிடையிலிருந்துதான் வந்தது. காசு கொடுக்கப் போனவர்களை அவர் என்ன சொல்லி விரட்டினார் என்பதை இங்கே எழுத முடியாது.

அடுத்தது நம் பனையேறித் தாத்தா. குளத்துக்கரையில் பனைதான் என்று முடிவானதற்குக் காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது அந்த மழையில்தான். நம் குளம் நிரம்பி வழிந்து, மறுகால் பாய்ந்து, கரை அங்கங்கே அரித்துக்கொண்டு போனது. பழைய பனைகள் நின்ற இடத்தில் கரை அப்படியே இருந்தது; மொட்டையாகக் கிடந்த இடம்தான் கரைந்தது. பனையின் வேர் ஆணிவேர் மாதிரி ஒன்றாக இறங்காமல் சடைசடையாகப் பரவி மண்ணைக் கட்டிப் பிடிக்கும் என்று படித்திருக்கிறோம். அன்றைக்குக் கண்ணால் பார்த்தோம்.

2021-ல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டில் 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனங்கொட்டை விதைப்பதாக அறிவித்தார்கள். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில்தான் வந்தது. நம் ஊருக்குக் கொட்டை தேடி வெளியே போக வேண்டிய அவசியம் இல்லை. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழுந்து மாட்டுக் காலில் மிதிபடுகிற ஊர் இது. தாத்தாதான் எந்த மரத்துப் பழம், எவ்வளவு ஆழம், எத்தனை எட்டு இடைவெளி என்று ஒவ்வொரு குழியாகக் காட்டினார். கரையின் வெளிச்சரிவில் மட்டும் போடச் சொன்னதும் அவர்தான்.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பனங்கொட்டை முளைத்ததும் முதலில் கீழேதான் இறங்கும். மாதக்கணக்கில் மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாது. உள்ளே கிழங்கு திரண்டுகொண்டிருக்கும். பொங்கல் நெருங்கினால் நம் ஊர்ப் பிள்ளைகளின் கை சும்மா இருக்குமா? கரை முழுக்கத் தோண்டி, கிழங்கை அவித்துத் தின்று முடித்திருப்பார்கள். தாத்தா முன்கூட்டியே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தனியாக ஒரு கிழங்குப் பாத்தி போட்டு, "இது ஒங்களுக்கு, அது கொளத்துக்கு" என்று பிள்ளைகளிடம் பங்கு பிரித்துச் சொல்லிவிட்டார். தை பிறந்ததும் பாத்தி காலியானது. கரையை ஒரு பிள்ளையும் தொடவில்லை. எத்தனை அறிவிப்புப் பலகை வைத்திருந்தாலும் இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். இந்தப் பனைகள் வடலியாகி, வளர்ந்து, பாளை விட இன்னும் பதினைந்து வருஷம்கூட ஆகலாம். "ஏறதுக்கு ஆளு இருக்கானான்னு அப்ப பாருங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார் தாத்தா. அதற்குப் பதில் எங்கள் யாரிடமும் இல்லை.

தையல் கடை அக்காவுக்கு நன்றி சொல்லும் முன்னால் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர் நண்பர்களுக்கு இது புதிது. ஆனியில் தொடங்கி ஆவணி வரைக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று இந்தப் பொட்டலில் ஆளையே தள்ளும். காற்றாலைகள் இந்தப் பக்கம் இவ்வளவு நிற்பது சும்மா இல்லை. மழைக்குத் தப்பி, ஆட்டுக்குத் தப்பி, தளதளவென்று வருகிற கன்று ஆடியில் ஒரே மத்தியானத்தில் முறிந்து கிடக்கும். ஊன்றுகம்பு நட்டு சணலால் கட்டிப் பார்த்தோம். இளம் பட்டையைச் சணல் அறுத்தது. அக்கா கடையில் வெட்டித் தள்ளுகிற துண்டுத்துணிகளை மூட்டை மூட்டையாகக் கொடுத்தார். எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டினால் கன்று ஆடும், ஆனால் உராயாது. ரவிக்கைத் துணி, பள்ளிச் சீருடைத் துணி, யாரோ ஒருவரின் பட்டுப்பாவாடை ஓரம் என்று தெரு முழுக்கக் கன்றுகள் கலர் கலராக நின்றன. பூப்பதற்கு முன்னாலேயே ஊர் அழகாகத் தெரிந்தது அந்தத் துணியால்தான். வெயிலில் வெளுத்துப்போன கட்டுகளை அவரே சாயங்காலம் நடந்துபோய் மாற்றிக் கட்டியதைப் பலர் பார்த்திருக்கிறீர்கள்.

அப்புறம் தண்ணீர். மணிமுத்தாற்றுத் தண்ணீர் நம் குளத்துக்கு எட்டும் வருஷமும் உண்டு, எட்டாத வருஷமும் உண்டு. மாசிக்கு மேல் குளத்தில் மிச்சம் இருப்பது மாடு குளிக்கத்தான் காணும். நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காமார், சித்திமார் எல்லாரும் தங்கள் தெருக் கன்றுகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். வேலைக்குப் போகிற வழியில் ஒரு குடம், திரும்புகிற வழியில் ஒரு குடம். யாரும் சொல்லி நடக்கவில்லை, கூட்டமும் போடவில்லை. ஒருவர் வைத்த கன்று வாடினால் எதிர்வீட்டுக்காரர் நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவார் என்ற பயமும் கொஞ்சம் வேலை செய்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. கோடையில் குடம் சுமப்பதைக் குறைக்க வழி தந்தது காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்கிற ஒரு குடும்பம். பொங்கலுக்கு விற்காமல் நின்ற, வாய் உடைந்த பானைகளை ஒரு லோடு அள்ளிக் கொடுத்தார்கள். அடியில் சின்னத் துளை போட்டு, துணித்திரி செருகி, கன்றுக்குப் பக்கத்தில் கழுத்து வரை புதைத்தோம். ஒருமுறை நிரப்பினால் கொஞ்சம் கொஞ்சமாக வேருக்கு இறங்கும். மேலே ஊற்றி ஆவியாகிப் போகும் தண்ணீர் மிச்சம்.

சரி, இப்போது படத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு வருவோம். பாளையங்கோட்டையிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கிய தம்பி தங்கச்சிகளே, உங்களை நாங்கள் முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தோம். காரணம் இருக்கிறது. முன்னொரு தடவை ஒரு அமைப்பு வந்து, கன்றைப் பிளாஸ்டிக் பையோடு குழியில் இறக்கி, படம் எடுத்துக்கொண்டு போனது. ஒன்றுகூடத் தேறவில்லை. நீங்கள் வந்த அன்று ஒரு தங்கச்சி பையைக் கிழித்து, சுருண்டு கிடந்த வேரை விரலால் பிரித்துவிட்டு வைத்ததைப் பார்த்த பிறகுதான் பெரியவர்கள் திண்ணையை விட்டு இறங்கி வந்தார்கள். சீமை உடையை, அதாவது சீமைக் கருவேலத்தை, வேரோடு பறிக்கப் போய்க் கையெல்லாம் முள் குத்தியும் நீங்கள் பாதியில் விடவில்லை. கோடை விடுமுறையில் நாலைந்து பேர் யாரும் கூப்பிடாமலே வந்து, பட்டுப்போன கன்றுகளுக்குப் பதில் வேறு வைத்துவிட்டுப் போனீர்கள். பெரிய நன்றி அதற்குத்தான்.

கன்று தந்த வனத்துறை நாற்றங்கால் ஊழியர்களுக்கும், மறுகால் ஓடைப் பக்கம் மருதம் வையுங்கள் என்று யோசனை சொன்ன அங்குள்ள தோட்டக்கார ஐயாவுக்கும் நன்றி. பாபநாசம் பக்கம் தாமிரபரணிக் கரையில் நிற்கும் மருதமரங்களைப் பார்த்தவர்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். நம் ஓடையில் அவை அவ்வளவு உயரம் போகுமா என்பதைப் போகப் போகப் பார்ப்போம். ஊராட்சி டேங்கர் கொடுத்தது. சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் ஜீபேயில் பணம் அனுப்பினார்கள். கணக்கு நோட்டு நூலகத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். வேலை நடந்த அன்று உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் ஆக்கிப் போட்ட கீழத்தெரு ஆச்சிமாருக்கு எல்லோர் வயிறும் ஏற்கெனவே நன்றி சொல்லிவிட்டது.

பஸ் நிறுத்தத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அங்கே ஆசைப்பட்டு வைத்த செம்பருத்தியை வேறொரு ஊர் ஆட்டு மந்தை ஒரே நடையில் முடித்துவிட்டது. (அண்ணாச்சியின் ஆடுகள் இல்லை. அவர் இதைத் தெளிவாக எழுதச் சொன்னார்.) இப்போது அரளி நிற்கிறது, செவப்பும் வெள்ளையுமாகப் பூக்கிறது. ஆடு வாய் வைக்காது. அரளி விஷம் என்பதால் சின்னப் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கூந்தன்குளத்துக்கு நாரை பார்க்கப் போகிறவர்கள் வழியில் வண்டியை நிறுத்தி அங்கே படம் எடுக்கிறார்களாம். டீக்கடைக்காரருக்குச் சந்தோஷம்.

வருகிற புரட்டாசியில் கரையின் தென்கோடியில் விட்டுப்போன இடத்துக்கும் பனங்கொட்டை போட வேண்டும். பழம் பொறுக்குகிறவர்கள் தாத்தா வீட்டுத் தொழுவத்தில் கொண்டுபோய்க் குவித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கன்று வைத்த அன்று விட்டுப்போன கடப்பாரை ஒன்று, மூடி இல்லாத தூக்குவாளி ஒன்று, பெண்பிள்ளை செருப்பில் ஒற்றைக்கால் ஒன்று, மூன்றும் நூலகத்தில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும். கடப்பாரைக்கு மட்டும் இதுவரை மூன்று பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். மூவரும் சேர்ந்து வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஊர் மக்கள் சார்பில்,
நூலகத்து அக்கா