லினக்ஸ் வட்டத்தின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களே, பொருளாளர் அக்கா, அங்கத்தவர்களே, தலவாக்கலையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் புதியவர்களே,

கடந்த பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் டிஸ்ட்ரோ எனப்படும் பல வகைகளில் வருகிறது. வட்டம் கைவைக்கும் எல்லா இயந்திரங்களுக்கும் ஒரே டிஸ்ட்ரோ, அது டெபியன். முன்மொழிந்தவன் நான். ஏகமனதாக நிறைவேறியது என்று குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தத் தீர்மானம் மார்ச் மாதத்தைத் தாண்டவில்லை.

டெபியன் மேல் பிழை இல்லை, போட்ட என் மேல்தான் பிழை. பொகவந்தலாவப் பக்கம் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா ஒருவருக்கு டெபியன் 12 போட்டுக் கொடுத்தேன். நிறுவும்போது ரூட், அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கின், கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். கொடுத்தால் சாதாரணப் பயனருக்கு சூடோ என்ற, நிர்வாகியாகக் கட்டளையிடும் உரிமை கிடைக்காது என்பது அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஐயா போன் எடுத்தார். பிரிண்டரைச் சேர்க்க, பேரன் எழுதிக் கொடுத்த கட்டளையை அடித்திருக்கிறார். "இந்தச் சம்பவம் நிர்வாகிக்கு அறிவிக்கப்பட்டுவிட்டது" என்று ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் வேலை செய்தவர். "தம்பி, எந்தத் துரைக்கு அறிவிச்சிருக்கு? நான் பென்ஷன் எடுக்கிற ஆள்" என்றார். ரூட்டாக நுழைந்து அவரை சூடோ குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வரச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். அவருடைய பயத்தைத் தெளியவைக்கத்தான் அரைமணி நேரம் பிடித்தது. நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதற்குப் பிறகு ஆளைப் பார்த்து, பெட்டியைப் பார்த்து முடிவெடுத்தோம். ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனதால் கடைசி மூன்று மாதமும் கூட்டம் தாங்கவில்லை. வந்த லெப்டொப்களில் அதிகமானவை விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு இல்லாதவை. ஆண்டில் 17 இயந்திரங்கள் முடித்தோம். அவற்றில் 11க்கு லினக்ஸ் மின்ட் 22 என்ற டிஸ்ட்ரோ, பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஇ திரையோடு வரும் பதிப்பு. இரண்டு ஜிபி ரெம்மில் ஓடும், நான்கு இருந்தால் நிம்மதி. 2029 வரை அப்டேட் வரும். 4இல் டெபியன், அவையெல்லாம் எங்கள் ஆட்களுடையவை. மிச்சம் இரண்டும் 32 பிட் செயலி உள்ள பழைய கிழடுகள். ஓகஸ்டில் வந்த டெபியன் 13ஐ அவற்றில் நிறுவ வழியில்லை, ஆகவே பழைய பெட்டிகளுக்கான ஆன்டிஎக்ஸ் டிஸ்ட்ரோவைப் போட்டோம்.

அந்தக் கிழடுகளில் ஒன்று, தோட்டப் பாடசாலை டீச்சர் ஒருவருடையது, எங்களுடைய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்றது. அப்டேட்டும் ஓடவில்லை. முதல் ஞாயிறு ரூட்டரைத் திட்டினோம். இரண்டாவது ஞாயிறு வேறு சேர்வரை மாற்றிப் பார்த்தோம். மூன்றாவது ஞாயிறு முழுவதையும் அழித்துத் திரும்ப நிறுவினோம், அதே பிழை. சாதாரண தரம் படிக்கும் ஒரு தங்கச்சி பின்னால் நின்று திரையில் வந்த செய்தியைச் சத்தமாக வாசித்தாள்: இந்தக் கோப்பு இன்னும் ஏழாயிரத்துச் சொச்சம் நாளைக்குச் செல்லாதாம். எல்லோரும் பேசாமல் நின்றோம். அவள் சுட்டியை எடுத்து மூலையில் இருந்த கடிகாரத்தின் மேல் வைத்தாள். 2005 ஜனவரி 1, சனிக்கிழமை. தாய்ப்பலகையில் இருந்த நாணய பெட்டரி செத்து, ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் பெட்டி 2005க்குப் போயிருக்கிறது. அந்தத் திகதியில் நின்று பார்த்தால் இன்றைய பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. டவுனில் மணிக்கூடு திருத்தும் கடையில் ஒரு சிஆர் 2032 பெட்டரி வாங்கிப் போட்டோம், விஷயம் முடிந்தது. அன்றிலிருந்து வட்டத்தில் ஒரு வழக்கம்: பிழைச் செய்தி வந்தால் கைவைக்க முன்னம் ஒருவர் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும்.

கடிகாரம் பற்றி இன்னொன்று. விண்டோஸையும் மின்டையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு, விண்டோஸில் காலை பத்தரை மணி விடியற்காலை ஐந்து என்று காட்டும், தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக்கூட ஆள் சேராத நேரம். வன்பொருள் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுக்கிறது. இலங்கைக்கு வித்தியாசம் சரியாக ஐந்தரை மணித்தியாலம். வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி லினக்ஸிடம் சொன்னால் சரி.

வைஃபை முறைப்பாடுகள் வழக்கம்போல. போனைக் கேபிளில் மாட்டி டெதரிங் (போனின் இணையத்தைப் பகிர்தல்) கொடுத்து, மின்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நிறுவும்போது டிஸ்க்கே தெரியாத லெப்டொப்கள் இரண்டு வந்தன. கணினி எழும்பும்போது வரும் பயொஸ் அமைப்பில், டிஸ்க்கோடு பேசும் முறையை இன்டெல் ரெய்டிலிருந்து ஏஎச்சிஐ என்று மாற்றியதும் தெரிந்தது. ஆனால் ஒன்றில் விண்டோஸ் எழும்ப மறுத்தது. மாற்ற முன்னம் விண்டோஸை சேஃப் மோட் என்ற குறைந்தபட்ச முறையில் எழும்பத் தயார்படுத்த வேண்டும், பிட்லொக்கர் என்ற டிஸ்க் பூட்டு இருந்தால் மீட்புச் சாவியை எழுதி வைக்க வேண்டும். இரண்டையும் பிறகுதான் படித்தோம். அந்த லெப்டொப்பின் சொந்தக்காரத் தம்பியிடம் இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

தமிழ் விஷயத்தில் பிரச்சினை டிஸ்ட்ரோவில் இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான். கோயில் நோட்டீசிலிருந்து மரண உதவிச் சங்கக் கடிதம் வரை இங்கே எல்லாம் பாமினி எழுத்துருவில் கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் லிப்ரே ஒஃபிசில் திறந்தால் "அம்மா"கூட ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். கோப்பு கெட்டுப்போனதாக நினைத்து அழித்தவர்களும் உண்டு. எழுத்துருவைச் சேர்த்தால் வாசிக்கலாம், ஆனால் எல்லா இயந்திரமும் வாசிக்கும் யுனிகோடுக்கு மாற்றி வைப்பதே நல்லது. தட்டச்சுக்கு ஐபஸ் என்ற மென்பொருள் வழியாக ரெங்கநாதன் விசைப்பலகை கிடைக்கிறது, பழைய விரல்களுக்குப் பழைய இடங்கள்.

இனி பாதுகாப்பு வகுப்பு. வந்த இளைஞர்களில் பாதிப்பேர் முதல் கேள்வியாகக் கேட்டது "காலி எப்ப போடுவீங்க?" என்பதுதான். காலி என்பது பாதுகாப்புச் சோதனைக் கருவிகள் நிறைந்த டிஸ்ட்ரோ. காலி லினக்ஸின் சொந்த வழிகாட்டியே, லினக்ஸ் புதியவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று சொல்கிறது. வலையமைப்பை ஆராயும் என்மாப், வயர்ஷார்க் இரண்டும் மின்டிலேயே நிறுவலாம். வகுப்பின் ஆறு மாதப் பாடத்துக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை. காலி வேண்டுமென்றால், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வேர்ச்சுவல்பொக்ஸுக்குள், இல்லாவிட்டால் பென்டிரைவில். அன்றாட இயந்திரத்தில் கூடாது என்பதற்கு நான் சொல்லும் காரணம் 2024 மார்ச்சில் நடந்தது. எக்ஸ்இஸட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு, அதாவது இரகசிய நுழைவழி, வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து இன்னொரு கணினிக்குள் போகும் எஸ்எஸ்எச் நுழைவு அரை வினாடி தாமதமாகிறதே என்று ஆன்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்ற மென்பொருள் பொறியியலாளர் தோண்டிப் பார்த்து 29ஆம் திகதி வெளியிட்டார். உடனுக்குடன் புதியதை எடுக்கும் காலிக்குள் அது வந்துவிட்டிருந்தது. நிதானமாக நடக்கும் டெபியனின் நிலைப்பதிப்புக்கு வரவில்லை. ஆனால் மின்ட்காரர்களும் மிதப்பாக இருக்க வேண்டாம். 2016 பெப்ரவரியில் மின்டின் தளத்தையே யாரோ உடைத்து, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு (நிறுவல் கோப்புக்கு) இணைப்பை மாற்றியிருந்தார்கள்.

டேட்டா விலைக்குப் பயந்து நாங்கள் ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் கைமாற்றுகிறோம். பஸ் வந்துவிட்டது என்று பாதியில் பிடுங்கிய ஒரு பென்டிரைவினால் ஒரு பின்னேரம் முழுக்கப் பாழானது. கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ 256 குறியீட்டைச் சரிபார்க்காமல் இனி எதையும் நிறுவுவதில்லை.

பயிற்சிக்கு இலக்கு எங்கள் இரண்டு பழைய பெட்டிகளும் இணையம் கொடுக்காத ஒரு ரூட்டரும் மட்டும். அனுமதியில்லாமல் அடுத்த வீட்டு வைஃபைக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். முயன்ற ஒருவரின் பெயரை இங்கே சொல்லவில்லை. அவர் இப்போது வகுப்பில் முதல் வரிசை.

டிசெம்பர்க் கூட்டம் நடக்கவில்லை. டித்வா புயலும் மண்சரிவும் என்ன செய்தன என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தண்ணீர் புகுந்து நனைந்த லெப்டொப் ஒன்றை ஓர் அக்கா உரப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். எஸ்எஸ்டி டிஸ்க்கைக் கழற்றி, துடைத்து, ஒரு கிழமை காற்றில் வைத்தோம். அடுப்பருகே வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பிறகு மின்ட் பென்டிரைவில் இன்னொரு இயந்திரத்தை எழுப்பி, எந்தக் கோப்பையும் திறக்காமல் டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருளால் முழுப் பிரதி எடுத்தோம். நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. டிடிரெஸ்கியூ, எதுவரை எடுத்தது என்று குறித்து வைக்கும் தன் வரைபடக் கோப்பைப் பார்த்து விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் படங்களும் பெறுபேற்றுத் தாள்களும் வந்துவிட்டன. கல்யாணப் படங்களில் பாதி வரவில்லை.

கணக்கைப் பொருளாளர் அக்கா வாசிப்பார். பெட்டரி, பென்டிரைவ், தேத்தண்ணி, பணிஸ் தவிர அதில் ஒன்றுமில்லை.

கடைசியாக, டெபியன் தீர்மானத்தை ரத்துச் செய்யும் பிரேரணையை நானே முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் தேவை. கணக்கப்பிள்ளை ஐயா ஏற்கெனவே கையைத் தூக்கிவிட்டார்.

செயலாளர்
ஹட்டன்