தம்பி வந்துவிட்டான்

பசுமலை,
மதுரை.

கர்த்தருக்குள் அன்பான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்குகிறது என்று எழுதியிருந்தாய். வீட்டு ஜெபத்தில் தினமும் அவளை நினைக்கிறோம்.

என் உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். சிறுநீரகம் கெட்டுப்போனதால் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். ஊசி வலி பழகிவிட்டது, தாகம்தான் பழகவில்லை. இந்த மதுரை வெயிலில் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியிருக்கிறது. உன் தங்கச்சி சின்ன டம்ளரில் ஊற்றித் தருவாள். அதிலும் மாத்திரைக்கு ஒரு வாய் மிச்சம் வைக்க வேண்டும்.

இவ்வளவு ஜெபித்தும் கர்த்தர் ஏன் இதை அனுமதித்தார் என்று கேட்கிறாய். நான் வேதத்தில் யோசேப்பின் கதையைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அண்ணன்மார் அடிமையாக விற்றுப்போட்ட பதினேழு வயதுப் பையன், எகிப்தின் ராஜா பார்வோன் முன்னால் நிற்கும்போது வயது முப்பது. சிறையில் அவன் சொப்பனத்துக்கு அர்த்தம் சொன்ன பானபாத்திரக்காரரின் தலைவன், வெளியே போனபின் இரண்டு வருஷம் அவனை மறந்தே போனான். உடனே நினைத்திருந்தால் யோசேப்பு விடுதலையாகி ஊர் பார்க்கப் போயிருப்பான். பஞ்சத்துக்குத் தானியம் சேர்த்துவைக்க எகிப்தில் யார் இருந்திருப்பார்கள்?

இன்னொன்றும் கவனி. அண்ணன்மார் செய்தது நல்லது என்று அவன் எங்கேயும் சொல்லவில்லை. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்கிறான். என் சிறுநீரகம் கெட்டது தீமைதான். பார்க்க வருகிறவர்கள் அதை ஆசீர்வாதம் என்று சொல்லும்போது மனசு நோகிறது.

ஆனால் தம்பி வந்துவிட்டான். பாகப்பிரிவினைக்குப் பிறகு ஆலயத்தில்கூட முகம் பார்க்காதவன், சேதி கேட்டு வாசலில் வந்து நின்றான். பாகத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது அவன்தான் ஆட்டோவில் கூட்டிப்போகிறான். நாலு மணி நேரமும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். முடிந்து வெளியே வந்தால் எனக்குக் குளிர் நடுக்கும். காது மறையத் துண்டைக் கட்டிவிடுவான். எங்கள் இருவருக்காகவும் கண்ணீரோடு ஜெபித்தே அம்மா போய்ச் சேர்ந்தாள். தம்பியைக் கொண்டுவரத்தான் கர்த்தர் எனக்கு வியாதியைத் தந்தார் என்று சொல்ல மாட்டேன். கெட்டுப்போனதையும் அவர் வீணாக விடவில்லை, அதை என் கண்ணால் பார்க்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் மேலூர்க்காரர் ஒருவர் படுக்கிறார். சின்ன வயசு, கைக்குழந்தை இருக்கிறது. அவருக்காகவும் ஜெபி. வரும்போது பழம் வாங்கிவராதே, பொட்டாசியம் கூடும் என்று டாக்டர் தடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு நேராக வந்தால் தம்பியோடு கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார், சந்தோஷப்படுவான்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் தோழன்