குழந்தை மருத்துவர் சங்கம், மாவட்டக் கிளை: செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, முதுநிலை மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவுப்படி இந்த ஆண்டு மாதக் கூட்டங்களில் உரைக்குப் பாதி நேரம், செய்முறைக்குப் பாதி நேரம் என்று ஒதுக்கினோம். ஓட்டல் அரங்குகளை விட்டுவிட்டு மருத்துவக் கல்லூரியின் விரிவுரைக் கூடத்துக்கு மாறினோம். மருந்து விற்பனை நடைமுறைகளுக்கான 2024 மார்ச் மாத ஒரே சீரான நெறிமுறை வந்த பிறகு, மருந்து நிறுவனப் பணத்தில் விருந்தும் பயணமும் கூடாது என்பது எல்லோரும் அறிந்ததே. நம் கூட்டங்கள் உறுப்பினர் சந்தாவில்தான் நடந்தன. சாப்பாடு சாம்பார் சாதமும் தயிர் சாதமும்தான். அதனால் வருகை குறைந்ததாகத் தெரியவில்லை.

ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரத் தொடர் மருத்துவக் கல்வி என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளிலேயே உள்ளது. பதிவைப் புதுப்பிக்கும் ஆண்டில் மட்டும் அவசரமாகச் சான்றிதழ் தேடும் பழக்கம் இன்னும் போகவில்லை. கையெழுத்திட்டுவிட்டுத் தேநீர் இடைவேளையில் கிளம்பிவிடுபவர்களுக்குச் சான்றிதழ் தருவதில்லை என்று செயற்குழு உறுதியாக இருந்தது, இனியும் இருக்கும்.

பிறந்த குழந்தைக்கு உயிர்ப்பு (பிறந்ததும் மூச்சு விடாத குழந்தையை மீட்டல்): இந்த ஆண்டு அதிக நேரம் செலவிட்டது இதற்குத்தான். பங்கேற்றவர்களில் பாதிப் பேர் பிரசவ அறைச் செவிலியர்கள். முதல் நிமிடத்தில் குழந்தையின் அருகில் இருப்பவர்கள் அவர்கள்தாம் என்பதால் வேண்டுமென்றே அப்படி அழைத்தோம்.

பயிற்சியைப் பொம்மையில் தொடங்காமல், மாஸ்க் வழியே கையால் அழுத்திக் காற்று செலுத்தும் ஆம்பு பையில் தொடங்கினோம். பையைக் கழற்றிக் கழுவி, கிருமி நீக்கி, திரும்ப மாட்டும்போது உள்ளே இருக்கும் வாத்து அலகு போன்ற சிலிக்கான் வால்வு தலைகீழாகவோ மடிந்தோ உட்கார்ந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பையை அழுத்தினால் காற்று குழந்தைக்குப் போகாமல் பக்கவாட்டில் கசியும். ஆகவே ஒவ்வொரு பிரசவத்துக்கு முன்னும் மாஸ்க் மாட்டும் முனையை உள்ளங்கையால் அடைத்துப் பையை அழுத்த வேண்டும். கையில் அழுத்தம் தெரிய வேண்டும். 30 முதல் 40 செ.மீ. நீர் அழுத்தத்தில் விடுவிப்பு வால்வு சீறித் திறக்க வேண்டும். கையை விட்டதும் பை உடனே உப்ப வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பையை ஒதுக்கிவிட வேண்டும். இதற்குப் பத்து விநாடிகூட ஆகாது.

அடுத்தது மாஸ்க். மூக்கையும் வாயையும் தாடை நுனியையும் மூட வேண்டும், கண்ணைத் தொடக்கூடாது. பெரும்பாலோர் செய்யும் தவறு, மாஸ்க்கை முகத்தின் மேல் கீழ்நோக்கி அமுக்குவது. அப்படிச் செய்தால் கழுத்து மடிந்து மூச்சுப்பாதை அடைபடும். மாஸ்க் இருந்த இடத்திலேயே இருக்க, தாடையை மேலே தூக்கி அதோடு பொருத்த வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 40 முதல் 60. “அழுத்து, இரண்டு, மூன்று” என்று வாய்விட்டுச் சொன்னால் வேகம் தானாக அமையும்; பதற்றத்தில் சொல்லாமல் செய்பவர்கள் இதைவிட வெகு வேகமாக அழுத்துகிறார்கள், நெஞ்சு எழுவதற்குள் அடுத்த அழுத்து வந்துவிடுகிறது. தொடக்க அழுத்தம் 20 முதல் 25 செ.மீ. நீர்.

நெஞ்சு எழவில்லையா? மாஸ்க்கைச் சரிசெய்தல், தலையை முகர்வதுபோன்ற நிலையில் (கழுத்தைச் சற்றே நிமிர்த்தி) வைத்தல், வாயையும் பிறகு மூக்கையும் உறிஞ்சுதல், வாயைத் திறந்து வைத்தல், அழுத்தத்தைக் கூட்டுதல், கடைசியில் மூச்சுக்குழலுக்குள் குழாய் அல்லது குரல்வளை மாஸ்க். இந்த வரிசையை மாற்றக்கூடாது. நெஞ்சு எழுந்து 30 விநாடி காற்றேற்றிய பின்னும் இதயத்துடிப்பு 60க்குக் கீழ் இருந்தால் மட்டுமே நெஞ்சு அழுத்தம். பெரியவர்களுக்கான பயிற்சி பெற்ற கைகள் இங்கேதான் அவசரப்படுகின்றன. பிறந்த குழந்தையின் இதயம் மெதுவாகத் துடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நுரையீரலில் காற்று நிறையாததே. காற்று சேராத நெஞ்சை அழுத்திப் பயனில்லை. அழுத்தத் தொடங்கினால் மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்கு 90 அழுத்தம், 30 மூச்சு.

இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் மருந்து பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் ஆம்பூல் ஒரு மி.லி.யில் ஒரு மி.கி., அதாவது ஆயிரத்துக்கு ஒன்று. பிறந்த குழந்தைக்கு வேண்டியது பத்தாயிரத்துக்கு ஒன்று. ஒரு மி.லி. மருந்தோடு 9 மி.லி. சலைன் சேர்த்து 10 மி.லி. சிரிஞ்சில் கலக்கி, அதிலிருந்து ஒரு மி.லி. சிரிஞ்சுக்கு எடுத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டி எழுத வேண்டும். தொப்புள் சிரை வழியே கிலோவுக்கு 0.2 மி.லி.; 3 கிலோ குழந்தைக்கு 0.6 மி.லி., பின்னால் 3 மி.லி. சலைன். கலக்காத மருந்தை அதே அளவில் ஏற்றினால் பத்து மடங்கு. கலக்கும் வேலையை ஒருவரே செய்து, அளவை மற்றொருவர் உரக்கப் படித்துச் சரிபார்ப்பது என்று பயிற்சியில் பழக்கினோம். மலம் கலந்த பனிக்குட நீரோடு பிறந்து சோர்ந்திருக்கும் எல்லாக் குழந்தைக்கும் வழக்கமாகக் குழாய் போட்டு உறிஞ்சும் முறை 2015லேயே கைவிடப்பட்டது என்பதையும் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அது காற்றேற்றுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

டெங்கு: வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நடத்திவிட வேண்டும் என்ற உறுப்பினர்களின் கோரிக்கைப்படி ஆகஸ்டிலேயே நடத்தினோம். ரத்தத் தட்டணு எண்ணிக்கையைத் துரத்தும் வழக்கத்தைப் பற்றிப் பேசுவதைவிட, ரத்த அழுத்தம் அளக்கக் கையில் சுற்றும் பி.பி. கஃப்பைப் பற்றி அதிகம் பேசினோம். பல மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவில் ஒரே ஒரு கஃப்தான் தொங்குகிறது. உள்ளே இருக்கும் காற்றுப்பையின் அகலம் மேற்கையின் சுற்றளவில் 40 விழுக்காடும், நீளம் 80 முதல் 100 விழுக்காடும் இருக்க வேண்டும். கஃப் சிறிதானால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதிர்ச்சியில் (ரத்த ஓட்டம் குறைந்த ‘ஷாக்’ நிலையில்) இருக்கும் குழந்தை நலமாக இருப்பதாகத் தோன்றும். பெரிதானால் குறைத்துக் காட்டும். தேவையில்லாத திரவம் ஏறும். கையேட்டில் மனப்பாடம் செய்த அளவுகளெல்லாம் இந்த ஒரு துணிப்பட்டையில் நிற்கின்றன.

மேல் அழுத்தம் மட்டும் பார்ப்பதும் போதாது. 100க்கு 80 என்று இருந்தால் மேல் எண் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மேல், கீழ் எண்களின் இடைவெளி 20தான். குழந்தை பேசிக்கொண்டிருக்கும், கால் சில்லிட்டிருக்கும், நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப இரண்டு விநாடிக்கு மேலாகும். அது அதிர்ச்சிதான். மேல் அழுத்தம் இன்னும் விழாத நிலையில் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் ஒரு மணி நேரத்தில். விழுந்துவிட்டால் 20 மி.லி. 15 நிமிடத்தில். எச்சரிக்கை அறிகுறிகள் மட்டும் உள்ள குழந்தைக்கு மணிக்குக் கிலோவுக்கு 5 முதல் 7 மி.லி. ஓரிரு மணி நேரம், பிறகு 3 முதல் 5, பிறகு 2 முதல் 3. ஒவ்வொரு படியிலும் நாடியையும் சிறுநீரையும் பி.சி.வி.யையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்த்த பிறகே அடுத்த படி. குண்டான குழந்தைக்கு உண்மையான எடையை வைத்துக் கணக்கிடாமல் உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துக் கணக்கிட வேண்டும்.

பி.சி.வி. குறைந்தால் இரண்டு பொருள். நாடி நன்றாக இருந்து குறைந்தால் ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்த நீர் திரும்புகிறது, டிரிப்பை நிறுத்தலாம். நாடி மெலிந்து குறைந்தால் எங்கோ ரத்தம் ஒழுகுகிறது, ரத்தம் ஏற்ற வேண்டும். கசிவுக்காலம் 24 முதல் 48 மணி நேரம்தான்; அது முடிந்த பின்னும் டிரிப் ஓடிக்கொண்டிருப்பதால்தான் பல குழந்தைகள் மூச்சுத்திணறலோடு மேல் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்கள். ரத்தப்போக்கு இல்லாத குழந்தைக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தட்டணு ஏற்ற வேண்டியதில்லை. பெற்றோரிடம் இதைச் சொல்வது கடினம் என்பது உண்மை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இருமல் மருந்து: அக்டோபர் கூட்டத்துக்கு வேறு தலைப்பு அறிவித்திருந்தோம். மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததும், அவர்கள் குடித்த மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்று தெரிந்ததும் தலைப்பை மாற்றினோம். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது, அனுமதி 0.1 விழுக்காடு. சிரப்பில் மருந்தைக் கரைக்கப் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்றவை சேர்க்கப்படுகின்றன. தொழிற்சாலைத் தர மூலப்பொருளைப் பரிசோதிக்காமல் ஊற்றினால் இந்த நஞ்சு உள்ளே வந்துவிடுகிறது. 1937இல் அமெரிக்காவில் நடந்தது, 1970களின் தொடக்கத்தில் சென்னையிலேயே நடந்தது, மறுபடியும் நடந்திருக்கிறது.

மருத்துவர் செய்யக்கூடியதைப் பற்றி மட்டும் அன்று பேசினோம். சளி, காய்ச்சலுக்குச் சிரப் குடித்த குழந்தை ஓரிரு நாளில் வாந்தி, வயிற்றுவலியோடு வந்து, சிறுநீர் குறைந்தோ நின்றோ போயிருந்தால், மருந்துப் புட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். புட்டியைத் தூக்கி எறியவோ மிச்சத்தைக் கொட்டவோ விடாதீர்கள். தொகுதி எண்ணை (பேட்ச் எண்) கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையும் ரத்த வாயுப் பரிசோதனையும் அன்றே. ரத்தத்தில் அயனி இடைவெளி கூடிய அமிலத்தன்மை (இந்த நஞ்சைச் சந்தேகிக்க வைக்கும் அறிகுறி) இருந்தால் டயாலிசிஸ் வசதியுள்ள இடத்துக்கு உடனே அனுப்பி, மருந்து ஆய்வாளருக்கும் மருந்து விளைவுக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அதன் இலவச எண் 1800-180-3024.

அதைவிட முக்கியம், எழுதாமல் இருப்பது. இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று மத்திய சுகாதாரப் பணிகள் இயக்ககம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. சளி மருந்துகளான குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் சேர்ந்த கலவை நான்கு வயதுக்குக் கீழ் கூடாது என்று லேபிளிலேயே போட வேண்டும் என்ற உத்தரவு 2023 டிசம்பரிலேயே வந்துவிட்டது. வைரஸ் இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இருக்கும் என்பதை முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிட்டால் நான்காம் நாள் வேறு சிரப் கேட்டு வரமாட்டார்கள். ஒரு வயதுக்கு மேல் தேன் கொடுக்கலாம். அதற்குக் கீழ் கூடாது.

இதே கூட்டத்தில் பாராசிட்டமால் அளவும் வந்தது. சொட்டு மருந்தில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி.; சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 250 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளை 150 மி.கி. என்றால் சொட்டு மருந்தில் 1.5 மி.லி., 120 சிரப்பில் 6.25 மி.லி., 250 சிரப்பில் 3 மி.லி. சீட்டில் “5 மி.லி.” என்று மட்டும் எழுதி, கடையில் சொட்டு மருந்து கொடுத்துவிட்டால் 500 மி.கி. ஆகிவிடும். மி.கி., மி.லி., புட்டியின் செறிவு மூன்றையும் எழுதுங்கள்.

தடுப்பூசிக் குளிர்ச்சங்கிலி: கிளினிக்குகளில் வீட்டுக் குளிர்பெட்டி வைத்திருப்பவர்களுக்காக நடத்தியது. 2 முதல் 8 டிகிரி என்பது எல்லோருக்கும் தெரியும். சூட்டைப் பார்த்துப் பயப்படுகிறோமே தவிர உறைவதைப் பார்த்துப் பயப்படுவதில்லை. பென்டாவேலன்ட், மஞ்சள் காமாலை பி, டி.டி., நியூமோகாக்கல் ஆகிய தடுப்பூசிகள் உறைந்தால் வீண். முகாமுக்கு எடுத்துப்போகும்போது உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பாக்கெட்டை நேராக ஊசிமருந்தோடு வைப்பதுதான் பெரும்பாலும் காரணம். பாக்கெட் வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை வெளியே வைத்திருந்து பிறகு அடுக்க வேண்டும்.

சந்தேகமிருந்தால் குலுக்கல் சோதனை. அதே நிறுவனத்தின் அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே கல்லாக உறையவைத்து, உருகவிட்டு, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, பக்கத்தில் வைத்து அரைமணி நேரம்வரை பார்க்க வேண்டும். உறைந்ததில் திப்பிதிப்பியாக வண்டல் வேகமாக இறங்கும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் இறங்கினால் அதை ஒதுக்கிவிடுங்கள். அலுமினியம் இல்லாத ஐ.பி.வி. என்ற போலியோ தடுப்பூசிக்கு இந்தச் சோதனை பொருந்தாது. குளிர்பெட்டிக் கதவில் தடுப்பூசி வைக்காமல், கீழ்த்தட்டில் தண்ணீர்ப் புட்டிகள் அடுக்கினால் மின்வெட்டில் சற்று நேரம் தாங்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்துமாக் கூட்டத்தில் இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர் குழலின் பயன்பாட்டைச் சரிபார்த்தோம்: ஒரு பஃப்புக்குப் பின் ஐந்தாறு மூச்சு, பிறகுதான் அடுத்தது. இரண்டை ஒன்றாக அடித்தால் மருந்து சுவரில் ஒட்டிப் போகும். பிளாஸ்டிக் ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் துடைக்காமல் காயவிட வேண்டும். துடைத்தால் ஏறும் நிலை மின்சாரமும் மருந்தை இழுத்துக்கொள்ளும். வயிற்றுப்போக்குக் கூட்டத்தில், லேபிளில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுச் சர்க்கரைப் பானம் விற்பதை 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்ததை ஒட்டி, 245 ஆஸ்மோலாரிட்டி (கரைபொருள் செறிவு) உள்ள ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கலக்குவதையும், ஆறு மாதத்துக்கு மேல் தினமும் 20 மி.கி. துத்தநாகம் 14 நாள் கொடுப்பதையும் கடைக்காரர்களுக்கும் எடுத்துச் சொன்னோம். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் பற்றித் தகவல் தருவது மருத்துவருக்கும் கட்டாயம் என்று வழக்கறிஞர் ஒருவர் விளக்கினார்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரு தீர்மானங்களைப் பரிந்துரைக்கிறது. ஒன்று: பயிற்சிப் பொம்மை, ஆம்பு பைகள், நான்கு அளவுக் கஃப்கள் ஆகியவற்றைச் சங்கமே வாங்கி, தாலுகா மருத்துவமனைகளுக்கு ஒரு வாரக் கடனாகக் கொடுப்பது, திருப்பும்போது வால்வையும் மாஸ்க்கையும் கடனாகப் பெற்றவரே சரிபார்த்துக் கையெழுத்திடுவது. மற்றொன்று: உயிர்ப்புப் பயிற்சியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் மீண்டும் நடத்துவது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இரு தீர்மானங்களையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்