துணை இயந்திரம் வாங்கும் கடற்றொழிலாளர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

முல்லைத்தீவுக் கரையிலிருந்து தொழிலுக்குப் போகும் ஒவ்வொரு பைபர் படகிலும் பிரதான இயந்திரம் நின்றால் கைகொடுக்கும் துணை இயந்திரமாக, 15 குதிரைவலுவுள்ள இரண்டாவது இயந்திரம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று அண்மையில் தங்கள் பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதியில் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். இரண்டாவது இயந்திரம் வேண்டும் என்பதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 15 குதிரைவலு என்பதில்தான் உண்டு. இடம்பெயர்ந்து திரிந்த காலம் நீங்கலாக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கரையில் தொழில் செய்பவன் என்ற முறையில், கடனுக்கு இயந்திரம் எடுக்க எண்ணியிருப்பவர்களுக்கு உதவும் என்று கருதி இதனை எழுதுகிறேன்.

எங்கள் கரை கிழக்கைப் பார்த்தது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வீசும் சோளகமும் கச்சானும் தரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்றுகள். அந்த மாதங்களில் கொக்கிளாய் முதல் சாலை என்ற ஊர் வரை கரையோரக் கடல் குளத்து நீர் போலக் கிடக்கும். அதை நம்பி வெளியே போன படகின் இயந்திரம் நின்றுபோனால், காற்று அதனை மெல்ல மெல்ல வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டு போகும். கரையிலிருந்து விலக விலக அலையும் பெருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் படகு தானாகவே கரைக்கு வரும், ஆனால் அலை உடையும் இடத்தில் குறுக்கே விழுந்து கவிழும். மேற்குக் கரையில், பூநகரிப் பகுதியிலுள்ள நாச்சிக்குடா, வலைப்பாடு, கிராஞ்சிப் பக்கத்தவர்களுக்குச் சோளகம் கரைக்குக் கொண்டுவரும் காற்று என்பதால், அவர்களுடைய தேவையையும் எங்களுடைய தேவையையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. நான் எழுதுவது முதலில் கிழக்குக் கரைக்கு என்று கொள்ளவும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொன்னால் விடயம் விளங்கும். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஆடி மாதத்து இரவு, வலையை விட்டுவிட்டு இயந்திரத்தை நிறுத்திப் படுத்திருந்தோம். பிரதான இயந்திரம் 25 குதிரைவலு, மண்ணெண்ணெயில் ஓடுவது. இத்தகைய இயந்திரத்தைப் பெற்றோலில் உயிர்ப்பித்துச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும் என்பதும், நிறுத்துவதற்கு முன்னர் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றிச் சற்று ஓடவிட வேண்டும் என்பதும் தொழிலாளர் அனைவருக்கும் தெரிந்தவை. அதையெல்லாம் முறைப்படி செய்துதான் நிறுத்தினோம். விடியற்காலையில் வலை வாங்கிவிட்டு, அதாவது வலையைப் படகுக்குள் இழுத்தெடுத்துவிட்டு, கயிற்றை இழுத்தால் இயந்திரம் உயிர்க்கவில்லை. இரவு அடித்த தூவானம், இறுக்கி மூடாத மூடி வழியாகப் பெற்றோல் தாங்கிக்குள் இறங்கியிருந்தது. துணை இயந்திரம் என்னிடம் இருந்தது; நல்ல இயந்திரம்தான். ஆனால் அதன் எரிபொருட் குழாயையும் செலவு மிச்சம் என்று அதே தாங்கியிலிருந்து ஒரு கிளைக்குழாய் வைத்து எடுத்திருந்தேன். பிரதான இயந்திரத்தை நிறுத்திய அதே நீர், துணை இயந்திரத்தில் எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் எட்டுக் கடல் மைல் அளவு இழுபட்டுப் போன பின்னர், அளம்பில் கிராமத்துப் படகு ஒன்று கண்டு எங்களைக் கட்டி இழுத்து வந்தது.

ஆகவே துணை இயந்திரம் தெரிவு செய்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை குதிரைவலு என்பதல்ல. பிரதான இயந்திரம் எந்தக் காரணத்தால் நிற்கக்கூடுமோ, அந்தக் காரணம் துணை இயந்திரத்தைத் தொடாமல் இருக்குமா என்பதே அந்தக் கேள்வி. அதற்குத் தனித் தாங்கி, தனிக் குழாய், தனி வடிகட்டி மூன்றும் வேண்டும். அதுவும் பெற்றோலில் மட்டும் ஓடுகிற, கயிறு இழுத்து உயிர்ப்பிக்கிற இயந்திரமாக இருப்பது நல்லது. குளிர்ந்துபோன மண்ணெண்ணெய் இயந்திரத்தோடு இருட்டில் மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் மாதக்கணக்கில் கிடந்தால் பழுதாகும் என்பதனால், துணைத் தாங்கியில் உள்ளதை இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை பிரதான இயந்திரத்தை உயிர்ப்பிப்பதற்குப் பயன்படுத்திவிட்டுப் புதிதாக நிரப்பி வைத்தால் காசும் வீணாகாது.

இனிக் குதிரைவலு. எங்கள் கரையில் இயந்திரத்தின் இலக்கத்தைக் கேட்டே ஆளை மதிக்கிற பழக்கம் ஒன்று உண்டு. போர்க்காலத்தில் வலுக்கூடிய இயந்திரங்களுக்கு இருந்த கட்டுப்பாடு நீங்கிய பின்னர் அந்த ஆசை இன்னும் கூடிவிட்டது என்பது என் எண்ணம். ஆனால் நீரைக் கிழித்துக்கொண்டு போகிற படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை வகுக்கிறது. நீர்மட்டத்தில் உள்ள நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால், மணிக்கு இத்தனை கடல் மைல் என்று அந்த எல்லை கிடைக்கும். எங்கள் 18 அடிப் படகு நீர்மட்டத்தில் 16 அடி என்று வைத்துக்கொண்டால், நான்கை 1.34 ஆல் பெருக்க 5.36 வருகிறது. இதற்கு மேல் போக வேண்டுமானால் படகு நீரின் மேல் எழுந்து ஓட வேண்டும். ஈர வலையும் மீனும் பனிக்கட்டியும் ஆட்களும் ஏறிய படகை 15 குதிரைவலு அப்படி எழுப்பாது. எழுப்பாதபோது அது செய்யும் வேலையை 6 அல்லது 8 குதிரைவலுவே செய்துவிடும். ஒரு தொன் பாரத்துக்கு மூன்று நான்கு குதிரைவலு அமைதியான கடலில் போதும். அதைப் போல் இன்னும் ஒரு மடங்காவது கூட்டிக்கொள்ளச் சொல்வது, சோளகத்தை எதிர்த்துக் கரைக்கு வர வேண்டியிருப்பதனால்தான். 15 இருந்தால் எதிர்காற்றில் மேலும் கொஞ்சம் தெம்பு இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தெம்புக்குரிய பெற்றோலையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும்.

பெற்றோற் கணக்கும் இதனோடு சேர்ந்ததுதான். சிறிய இயந்திரங்கள் சிலவற்றில் மேலேயே ஒரு தாங்கி இருக்கும். அது ஒரு லீற்றர் சொச்சம்தான் கொள்ளும். 6 குதிரைவலு நான்கு அடிப்பு (four stroke) இயந்திரம் முழுத் திறப்பில் மணிக்கு இரண்டு லீற்றருக்கு மேல் குடிக்கும் என்பதால், அந்தத் தாங்கி அரை மணி நேரத்துக்கு, அதாவது இரண்டரைக் கடல் மைலுக்குத்தான் காணும். வெளியே வைக்கிற 12 லீற்றர் தாங்கி இல்லாமல் எங்கள் கடலில் துணை இயந்திரம் அலங்காரப் பொருள்தான்.

பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஓடுகிற இரண்டு அடிப்பா (two stroke) நான்கு அடிப்பா என்பதில் விற்பனையாளர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்கு அடிப்பு எரிபொருளை மிச்சம் பிடிக்கும், சத்தமும் புகையும் குறைவு, எண்ணெய் கலக்கத் தேவையில்லை; இவை எல்லாம் உண்மை. யமஹாவின் நான்கு அடிப்பு 4, 5, 6 குதிரைவலு இயந்திரங்கள் மூன்றும் 139 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள ஒரே ஒற்றைச் சிலிண்டரைக் கொண்டவை, நிறையும் ஏறக்குறைய 27 கிலோதான் என்பதால், 4 வாங்கி நிறையை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர் பேசாமல் 6 ஐ வாங்கலாம். 8 குதிரைவலுவுக்குப் போனால் நான்கு அடிப்பு 40 கிலோவை நெருங்கும். அதே வலுவுள்ள இரண்டு அடிப்பு 27 கிலோ அளவில் நின்றுவிடும்.

ஆனால் எங்கள் கரையில் துறைமுகம் இல்லை. படகை மணலில் ஏற்றி, இயந்திரத்தைக் கழற்றித் தோளில் சுமந்து, கரையிலுள்ள குடிலான வாடிக்குள் கொண்டுபோய்ப் போடுகிறோம். நான்கு அடிப்பு இயந்திரத்தை அதன் கைநூல் எந்தப் பக்கத்தில் கிடத்தச் சொல்கிறதோ அந்தப் பக்கத்தில் மட்டுமே கிடத்தலாம். மாறிக் கிடத்தினால் அடியிலுள்ள எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும், அடுத்த நாள் கயிறு இழுபடாது. களைத்துப்போய் வருகிற பொடியன்மாரிடம் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? மேலும் பிரதான இயந்திரம் இரண்டு அடிப்பாக இருக்கும்போது படகில் இருக்கிற பெற்றோல் எண்ணெய் கலந்தது. அதை இருட்டில் தவறி நான்கு அடிப்புக்கு ஊற்றினால் பிளக் கரிபிடிக்கும். கலக்காத பெற்றோலை இரண்டு அடிப்புக்கு ஊற்றினாலோ பிஸ்டன் இறுகிவிடும்; ஆகவே நான்கு அடிப்பின் துணைத் தாங்கிப் பெற்றோலை மேலே சொன்னபடி அத்தகைய பிரதான இயந்திரத்துக்கு எடுப்பவர் எண்ணெய் கலந்தே எடுக்க வேண்டும். இந்தக் காரணங்களுக்காக, மணலில் படகு ஏற்றுகிற முல்லைத்தீவுக் கரையார் நல்ல நிலையிலுள்ள 8 குதிரைவலு இரண்டு அடிப்புப் பெற்றோல் இயந்திரம் கிடைத்தால் அதையே எடுக்கலாம் என்பது என் முடிவு. படகை நீரிலேயே கட்டி வைக்கிற பூநகரிப் பக்கத்தார் 6 குதிரைவலு நான்கு அடிப்பை எடுத்தால் எரிபொருட் செலவில் ஆறுதல் அடைவார்கள். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானதைக் கண்ட பிறகு, எரிபொருளைப் பற்றி யோசிக்காமல் ஒருவரும் இயந்திரம் வாங்கப் போவதில்லை.

குதிரைவலுவை விட அதிகமாகத் தவறு நடப்பது, புறொப்பெலரை நீருக்குள் இறக்கி நிற்கும் தண்டின் நீளத்தில். கடைக்குப் போகுமுன் படகின் பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து அடிவரை அளந்துகொள்ள வேண்டும். 15 அங்குலத்துக்குக் கட்டைத் தண்டும் 20 அங்குலத்துக்கு நீளத் தண்டும் செய்யப்படுகின்றன. ஆனால் துணை இயந்திரம் நடுவில் அல்ல, ஓரத்தில் தாங்குசட்டத்தில் நிற்கிறது. படகு உருளும்போதும் பின்புறம் எழும்பும்போதும் புறொப்பெலர் நீரைவிட்டு வெளியே வந்து வெறுமனே சுழலும். அலறல்தான் கேட்கும், படகு நகராது. அதனால் பின்பலகை 15 அங்குலமாக இருந்தாலும் துணை இயந்திரத்துக்கு நீளத் தண்டே பொருத்தம். நந்திக்கடலிலோ நாயாற்றிலோ ஆழங்குறைந்த நீரில் தட்டினால் தூக்கிவிடலாம். புறொப்பெலரையும் மாற்றிக் கேட்க வேண்டும். சிறிய இயந்திரங்களோடு வருவது பெரும்பாலும் இலேசான தோணிக்கு ஏற்றது. ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதைக் காட்டுகிற பிட்ச் இலக்கம் குறைந்ததைப் பூட்டினால், பாரம் ஏற்றிய படகிலும் இயந்திரம் மூச்சடைக்காமல் தன் முழுச் சுற்றுக்கு வரும்.

தாங்குசட்டத்தை வலை வாங்காத பக்கத்தில், கறை பிடியாத உருக்கு ஆணிகள் பின்பலகையை ஊடுருவி உட்புறம் ஒரு தகட்டோடு இறுகும்படி பூட்ட வேண்டும். துளைகளைச் சீலன்ற் வைத்து அடைக்காவிட்டால் பைபருக்குள் இருக்கும் பலகை ஊறி உக்கிவிடும். இயந்திரத்தைச் சங்கிலியாலும் கட்டி வைப்பது நல்லது. கிழமைக்கு ஒருமுறையாவது ஐந்து நிமிடம் ஓட்டி, குளிரூட்டும் நீர் வெளியே பீச்சுகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் ஓடாமல் கிடக்கும் இயந்திரத்தில் நீரிறைக்கும் றப்பர் விசிறி ஒட்டிக் காய்ந்துபோகும்.

கடனுக்கு வாங்கப் பயந்து, தேய்ந்துபோன பழைய 15 ஐப் படகுக்குள் கிடத்திக்கொண்டு போகிறவர்களும் நம்மிடையே உண்டு. ஆடுகிற படகில், இருட்டில், 36 கிலோவைத் தூக்கிப் பின்பலகையில் பூட்டிப் பார்த்தவர்கள் அதன் பயனைத் தாங்களே சொல்லட்டும்.

கடைசியாகக் கடற்றொழில் திணைக்களத்துக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுனாமிக்குப் பின்னரும் 2009 இன் பின்னரும் நிவாரணமாகப் படகுகளும் இயந்திரங்களும் வந்தபோது, எல்லாக் கரைக்கும் ஒரே வகையைப் பங்கிட்டதைக் கண்டோம். இனி மானியத்தில் துணை இயந்திரம் வழங்கப்படுமாயின், விண்ணப்பப் படிவத்தில் குதிரைவலுவை மட்டும் கேளாது, பின்பலகையின் உயரம், பிரதான இயந்திரத்தின் எரிபொருள், படகு மணலில் ஏற்றப்படுகிறதா நீரில் கட்டப்படுகிறதா ஆகிய மூன்றையும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்றும், இயந்திரத்தோடு 12 லீற்றர் தாங்கியும் தாங்குசட்டமும் சேர்த்தே வழங்கப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கடற்றொழிலாளி ஒருவர்,
சிலாவத்தை,
முல்லைத்தீவு.